ஷெல் கம்பெனியோட சஸ்டைனபிலிட்டியை எப்படி மதிப்பிடறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்

எல்லாருக்கும் வணக்கம், எம்பிஏ ப்ராஜெக்டுக்கு ஷெல் எண்ணெய் கம்பெனியை எடுத்திருக்கேன், ரெண்டு வாரமா அவங்க ரிப்போர்ட்டைப் படிக்கப் படிக்க குழப்பம்தான் அதிகமாகுது. அவங்க கார்பன் உமிழ்வுல 90%க்கு மேல ஸ்கோப் 3, அதாவது பெரும்பாலும் அவங்க விக்கிற பெட்ரோல் டீசலை நாம எரிக்கிறப்ப வர்றது. ஆனா 2030க்கு வச்சிருக்கற முக்கியமான டார்கெட் கார்பன் இன்டென்சிட்டிலதான் இருக்கு, அதாவது விக்கிற ஒவ்வொரு யூனிட் எனர்ஜிக்கும் எவ்வளவு உமிழ்வுன்னு. அதையும் 2024 மார்ச்ல 20% குறைப்போம்கிறதுலேர்ந்து 15-20% குறைப்போம்னு தளர்த்திட்டாங்க. இன்டென்சிட்டி குறைஞ்சாலும் மொத்த உமிழ்வு ஏறலாம்தானே, அப்ப எதுக்கு மார்க் போடறது?

நெதர்லாந்துல இருக்கற ஹேக் கோர்ட் 2021ல ஷெல் தன் உமிழ்வை 2030க்குள்ள 45% குறைக்கணும்னு சொல்லிச்சு, 2024 நவம்பர்ல அப்பீல்ல அது ரத்தாயிடுச்சு, இதை எப்படி எழுதறதுன்னும் புரியல.

எனக்கு ரொம்ப உறுத்தறது நைஜீரியா விஷயம். நைஜர் டெல்டாவுல 2008ல போடோ ஊர்ல பைப்லைன் கசிஞ்சு மீன்பிடிச்சு வாழ்ந்த ஜனங்க பொழப்பே போச்சு, 2015ல 5.5 கோடி பவுண்டு குடுத்து செட்டில் பண்ணாங்க. அப்புறம் 2025 மார்ச்ல அந்த நிலப்பகுதி பிசினஸையே ரெனைசன்ஸ்கிற கூட்டமைப்புக்கு வித்தாச்சு. வித்ததும் கணக்குல உமிழ்வு குறையும், ஆனா எண்ணெய்க் கிணறு அங்கேயேதான ஓடுது? இப்படி வித்த சொத்தை ஸ்கோரிங்ல எப்படி சேர்க்கறதுன்னு இஎஸ்ஜி (கம்பெனிகளோட சுற்றுச்சூழல், சமூகம், நிர்வாகம் பத்தின மதிப்பீடு) வேலை பாக்கறவங்க யாராவது சொல்லுங்க, நீங்க யூஸ் பண்ற முறை எதுவா இருந்தாலும் பரவால்ல.