மன்னரை மீண்டும் அழைத்த பாராளுமன்றம் எப்படி வலுப்பெற்றது?

களுவாஞ்சிக்குடி மாணவி:
வணக்கம். உயர்தரத்தில் வரலாறு படிக்கிறேன். 1649இல் முதலாம் சார்ள்ஸின் தலையைத் துண்டித்த இங்கிலாந்து, 11 ஆண்டுகள் கழித்து அவருடைய மகன் இரண்டாம் சார்ள்ஸையே அழைத்து அரியணையில் அமர்த்தியது. அப்படியானால் பாராளுமன்றம் தோற்றுவிட்டது என்றல்லவா கொள்ள வேண்டும்? என் குறிப்புக் கொப்பியிலோ ‘மீளமைப்புக்குப் பின் பாராளுமன்ற அதிகாரம் வளர்ந்தது’ என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

கல்முனை ஆசிரியர்:
மகள், யார் யாரை அழைத்தார்கள் என்று முதலில் பாருங்கள். மன்னரில்லாத இங்கிலாந்தை ஆண்ட ஒலிவர் குரொம்வெல் 1658இல் இறந்தபின் அவருடைய மகன் ரிச்சர்ட்டால் படையை அடக்கியாள முடியவில்லை; ஸ்கொத்லாந்திலிருந்து படையோடு வந்த ஜெனரல் மொங்க் புதிய தேர்தலுக்கு வழிவிட்டார். இரண்டாம் சார்ள்ஸ் 1660 ஏப்ரலில் நெதர்லாந்தின் பிரேடா நகரிலிருந்து விடுத்த பிரகடனத்தில், பொதுமன்னிப்பு, காணித் தகராறு, படையினரின் சம்பளப் பாக்கி என்று சிக்கலான எல்லாவற்றையும் பாராளுமன்றத்தின் தீர்ப்புக்கே விட்டார். அதன் பிறகுதான், தமது 30ஆவது பிறந்தநாளான மே 29 அன்று, இலண்டனுக்குள் நுழைந்தார்.

ஆண்டுக்கு 12 இலட்சம் பவுண் என்று அவருக்கு வருமானம் கணக்கிடப்பட்டது. வசூல் அந்தளவுக்கு வரவில்லை. நம் பக்கத்துக் கோயில்களில் நிர்வாகியான வண்ணக்கருக்குரிய மரியாதையில் எவரும் கைவைப்பதில்லை, ஆனால் திருவிழாச் செலவுக்கு அவர் குடிகளிடம்தான் வரவேண்டும். சார்ள்ஸின் நிலையும் ஏறக்குறைய அதுதான்; பணத்துக்குப் பாராளுமன்றத்திடம்தான் வரவேண்டும். ஆங்கிலத் திருச்சபைக்கு வெளியே நின்றவர்களுக்குச் சலுகை அளித்து 1672இல் அவர் வெளியிட்ட பிரகடனத்தை, ஒல்லாந்தருடனான போருக்குப் பாராளுமன்றத்தின் பணம் தேவைப்பட்டதால், மறு ஆண்டே மீளப்பெற்றார்.

அக்கரைப்பற்று வாசகர்:
சேர், பணம்தான் கடிவாளம் என்றால், பணம் வேறு வழியில் வந்தபோது அது கழன்றதையும் சொல்ல வேண்டும். சுங்க வருமானம் பெருகியது, பிரான்சின் 14ஆம் லூயியும் இரகசியமாகக் கொடுத்தார். ஒக்ஸ்ஃபோர்ட்டில் 1681 மார்ச்சில் கூடிய பாராளுமன்றத்தை ஒரு கிழமையில் கலைத்த சார்ள்ஸ், 1685இல் இறக்கும்வரை இன்னொன்றைக் கூட்டவேயில்லை. மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது கூட்ட வேண்டும் என்ற 1664ஆம் ஆண்டுச் சட்டம் ஏட்டில் கிடந்தது.

ஆகவே உண்மையான திருப்பம் 1689 என்பதே என் கருத்து. சார்ள்ஸுக்குப் பின் அரசரான அவருடைய தம்பி இரண்டாம் ஜேம்ஸ் ஓடியபின் வந்த உரிமைச் சட்டம், பாராளுமன்றச் சம்மதமின்றி அமைதிக் காலத்தில் நிலையான படை வைத்திருப்பதைத் தடுத்தது. ஜேம்ஸுக்குப் பின் அரசரான மூன்றாம் வில்லியத்துக்கோ பிரான்சுடனான போருக்கு ஓயாமல் பணம் தேவைப்பட்டது. அன்றுமுதல் பாராளுமன்றம் கூடாத ஆண்டே இல்லை.

களுவாஞ்சிக்குடி மாணவி:
இருவருக்கும் நன்றி. 1664ஆம் ஆண்டுச் சட்டத்தை மீறிய அரசரை ஏன் ஒருவரும் தட்டிக்கேட்கவில்லை?

கல்முனை ஆசிரியர்:
அக்கரைப்பற்று நண்பர் சொன்னதை ஏற்கிறேன். அந்த நான்கு ஆண்டுகளை நான் விட்டிருக்கக் கூடாது. உங்கள் கேள்விக்கு விடை 1641ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, மகள். அரசர் அழைக்காவிட்டாலும் தேர்தல் நடத்திக் கூடுவதற்கு அதில் வழி இருந்தது. 1664இல் அந்த வழியை அடைத்தவர் அரசர் மட்டுமல்லர். அரச விசுவாசிகள் நிறைந்திருந்த அதே பாராளுமன்றம்தான் அதற்குக் கை உயர்த்தியது.