இம்பெராத்தோர், பிரின்செப்ஸ், சீசர்... எல்லாம் பேரரசர் தானோ?

நல்லூர்ப்பெடியன்:
தங்கச்சி ஏஎல்லுக்கு கிரேக்க உரோம நாகரிகம் எடுக்கிறாள், நேற்று நோட்ஸைத் தூக்கிக்கொண்டு வந்து அண்ணை இதை விளங்கப்படுத்து எண்டு நிக்கிறாள். இம்பெராத்தோர் பேரரசர், பிரின்செப்ஸ் பேரரசர், அவுகுஸ்துஸ் பேரரசர், சீசரும் பேரரசராம். ஒரு வேலைக்கு ஏன் இவ்வளவு சொல்லு? நான் படிச்சது மற்ஸ். திங்கள் ரெஸ்ற், ஆராவது சொல்லுங்கோ.

பனங்கிழங்கு:
எல்லாம் ஒண்டுதான் தம்பி, பேரரசர் எண்டு எழுதச் சொல்லு, மாக்ஸ் போடுவினம்.

பழைய ரீச்சர்:
உப்பிடி எழுதினா உள்ள மாக்ஸும் போகும். பேரரசர் எண்டதுக்கு நேர்ச் சொல்லே உரோமரிட்ட இருக்கேல்லை, அதுதான் பகிடி. ராசாவுக்கு றெக்ஸ் எண்டு ஒரு சொல்லு கிடந்தது, ஆனா கிமு 509இல கடைசி ராசா தார்க்குவினைக் கலைச்சதெண்டு அவையின்ர வரலாறு, அதுக்குப் பிறகு அந்தச் சொல்லைக் கேட்டாலே ஆகாது. அவுகுஸ்துஸ் விண்ணன், தான் ராசா எண்டு வாய்திறக்கேல்லை, நான் பிரின்செப்ஸ், உங்களுக்குள்ள முதலாவது ஆள், அவ்வளவுதான் எண்டு சொல்லிக்கொண்டே எல்லாத்தையும் கையுக்க வச்சிருந்தார். அவுகுஸ்துஸ் எண்டதும் தாய் தேப்பன் வச்ச பேரில்லை, கிமு 27இல செனற், அதுதான் உரோமின்ர மூப்பர் சபை, குடுத்த பட்டம், வணக்கத்துக்குரியவர் எண்ட மாதிரி.

இம்பெராத்தோர் படைக்குள்ள பிறந்த சொல்லு, சண்டையில வெண்ட தளபதியை சிப்பாய்மார் அப்பிடித்தான் கூவிக் கூப்பிடுறது. அதோட சேர்ந்த இம்பெரியும் எண்ட சொல்லும் முதல்ல நாடில்லை, கட்டளை போடுற அதிகாரம். பிறகுதான் அந்தக் கட்டளை செல்லுற நிலத்துக்கும் அதே பேர் வந்தது.

சீசர் வெறும் குடும்பப் பேர். கிபி 68இல பேரரசர் நீரோவோட அந்தக் குடும்பம் முடிஞ்சுது, பேர் முடியேல்லை, சொந்தமே இல்லாதவையும் எடுத்துப் போட்டினம். பழைய உச்சரிப்பு கைசர், ஜெர்மன்காரரும் அப்பிடியே எடுத்தவை, ரஷ்யாவின்ர சார் எண்டதும் இதுதான்.

பனங்கிழங்கு:
சரி ரீச்சர், தோத்திட்டன். அப்ப எங்கட யாழ்ப்பாண ராசாமாரின்ர செகராசசேகரன் பரராசசேகரன் மாதிரியோ? ஆள் மாறினாலும் சிம்மாசனப் பேர் உந்த ரண்டும்தானே.

பழைய ரீச்சர்:
கிட்டத்தட்ட. ஆனா எங்கட ராசாமார் ஒருத்தர் விட்டு ஒருத்தர் மாத்தி மாத்தி வச்சவை, அங்க ஒரே ஆள் எல்லாத்தையும் ஒண்டாய்ச் சுமந்தவர். கிபி 293இல பேரரசர் தியோக்கிளேசியன் அதையும் பிரிச்சுப்போட்டார், மூத்தவை ரண்டு பேர் அவுகுஸ்துஸ், இளையவை ரண்டு பேர் சீசர். அப்ப சீசர் எண்டா ஒருபடி கீழ. பிள்ளையை இதை வடிவாப் பாக்கச் சொல்லுங்கோ.

காசுப்பைத்தியம்:
இலங்கையில எடுத்த உரோமக் காசில கனக்க 4ஆம் 5ஆம் நூற்றாண்டுச் சின்னச் செப்புக்காசு, தேய்ஞ்சு போய்க் கிடக்கும். எழுத்துத் தெரிஞ்சா தலைக்குப் பக்கத்தில டி, என் எண்டு தொடங்கும். தொமினுஸ் நொஸ்தெர், எங்கட எசமான். முதலாவது ஆள் எண்டு பணிவாத் தொடங்கினவை எங்க வந்து நிண்டினம் பாருங்கோ 😀

நல்லூர்ப்பெடியன்:
ரீச்சர், வாசிச்சுக் காட்டினன். இப்ப என்னை பிரின்செப்ஸ் எண்டுதான் கூப்பிடுறாள், ரீ மட்டும் போட்டுத் தாறாளில்லை.