பாளையங்கோட்டை வீடு (23 பேர்)

கோமதி அத்தை: அம்மா ராத்திரி 2 மணிக்குப் புறவாசல் பாத்ரூமில் விழுந்துவிட்டார்கள். எக்ஸ்ரே எடுத்தாச்சு. முறிவு இல்லை, இடுப்பில் வீக்கம்தான். யாரும் பதற வேண்டாம்.

செல்வி: ஐயோ ஆச்சி

கணேசன் அத்தான்: தலையில் அடி இல்லையே?

கோமதி அத்தை: இல்லை. ஆஸ்பத்திரியிலேயே காபி கேட்டார்கள்.

செல்வி: அப்போ சரி

திசையன்விளை மாமா: இனிய காலை வணக்கம் 🌹

பெரியப்பா: எல்லோரும் பொறுமையாகப் படியுங்கள். வயதானவர்கள் சட்டென்று எழுந்தால் பிபி இறங்கிக் கண் இருட்டும். அம்மாவைப் படுக்கவைத்து ஒரு தடவை, நிற்கவைத்து 3 நிமிடத்துக்குள் ஒரு தடவை பார்க்க வேண்டும். மேல் அளவு 20 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. எழுந்ததும் கட்டிலிலேயே ஒரு நிமிடம் உட்கார்ந்து, காலை ஆட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். பட்டாசலிலிருந்து புறவாசல் வரை விடிவிளக்கு வேண்டும். தாழ்ப்பாள் போடவே கூடாது.

சித்தப்பா: தரை வழுக்குது. அவ்வளவுதான்.

பெரியப்பா: அந்த டைல்ஸ் யார் எடுத்தது?

சித்தப்பா: 2011இல் பணம் கொடுத்தவன் எடுத்தது.

கணேசன் அத்தான்: ஆரம்பிச்சாச்சு

செல்வி: ராத்திரி ஏன் அத்தனை தடவை எழுந்திருக்கிறார்கள் அத்தை?

கோமதி அத்தை: நீர் மாத்திரை.

பெரியப்பா: அது காலையில்தானே?

கோமதி அத்தை: திருச்செந்தூர் போனபோது பஸ்ஸில் அவசரம் வந்துவிடும் என்று ராத்திரிக்கு மாற்றினோம். அப்படியே நின்றுவிட்டது.

பெரியப்பா: போனது ஆவணித் திருவிழாவுக்கு. இப்போது தை!

கோமதி அத்தை: கூட இருந்து பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும் அண்ணே.

சித்தப்பா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

சித்தி: இவர் ஜங்ஷன் போகிறார். அல்வா யாருக்கு வேண்டும்?

செல்வி: எனக்கு 1 கிலோ சித்தி

கணேசன் அத்தான்: ஆச்சிக்குச் சுகர்

சித்தி: கால் கிலோ தனியாகக் கட்டச் சொன்னதே அவர்கள்தான்

கோமதி அத்தை: டாக்டரிடம் கேட்டுவிட்டேன். நீர் மாத்திரை நாளையிலிருந்து காலை 8 மணிக்கு. போதுமா?

பெரியப்பா: நல்லது. மக்களைத் தேடி மருத்துவம் 2021இலிருந்து இருக்கிறது. பிபி மாத்திரை வீட்டுக்கே வரும், பிசியோதெரபியும் உண்டு. எழுதி வையுங்கள் என்று எத்தனை தடவை சொன்னேன்.

கோமதி அத்தை: எழுதியாச்சு. அந்தப் பெண்தான் மாதாமாதம் வருகிறதே.

கணேசன் அத்தான்: சுவரில் கைப்பிடிக் கம்பி போடணும். இப்போது துண்டு போடுகிற கம்பியைப் பிடிக்கிறார்கள், அது கையோடு வந்துவிடும்.

சித்தப்பா: கொத்தனாரிடம் நான் பேசுகிறேன்.

பெரியப்பா: தரையையும் மாற்றச் சொல்.

சித்தப்பா: யார் காசில்?

திசையன்விளை மாமா: அத்தைக்கு என்ன ஆச்சு???

செல்வி: மேலே படிங்க மாமா

கோமதி அத்தை: கம்பியைக் கொஞ்சம் நீளமாகப் போடச் சொல்கிறார்கள் அம்மா. துணி காயப்போடலாமாம்.

கணேசன் அத்தான்: கொத்தனார் என்றைக்கு?

சித்தி: அல்வா கணக்கை முதலில் சொல்லுங்கள், இவர் செருப்பைப் போட்டுவிட்டார்