காசு கிடந்தால் குடியிருந்தார்களா? பேரூர், வெள்ளலூர், பாலக்காட்டுக் கணவாய்

பழங்காசு: கோவைப் பக்கத்துப் பேரூரும் வெள்ளலூரும் பாலக்காட்டுக் கணவாய் வாசலில் இருந்த இரட்டை நகரங்களாம், வெள்ளலூரில் ரோமானியர் குடியே இருந்தார்களாம். நேற்று ஒருவர் அளந்துவிட்டிருக்கிறார். ஆதாரம், 1842-ல் வெள்ளலூரில் கிடைத்த 522 ரோம வெள்ளிக்காசு. காசு கிடந்தால் ஆள் குடியிருந்தான் என்றா அர்த்தம்?

நொய்யலான்: அளந்தவன் நான்தான். 522 காசும் தானாக நடந்து வந்தனவா? 1891-லும் 1931-லும் அதே ஊரில் மறுபடி கிடைத்தனவே, அதை ஏன் விழுங்குகிறீர்கள்?

பழங்காசு: மூன்று புதையல் என்றால், ஒளித்து வைத்த மூன்று பேர் திரும்பி வரவில்லை என்று அர்த்தம். மேற்குக் கரைத் துறைமுகமான முசிறியில் இறங்கிய காசு கணவாய் வழியாகக் கிழக்கே வந்தது, கொங்கு நாட்டுக் கொடுமணல் மணியும் படியூர் நீலப்பச்சைக் கல்லும் மேற்கே போயின. கைமாறிய காசுக்குக் குடியுரிமை கொடுக்காதீர்கள்.

பேரூரான்: எங்கள் ஊரை வெள்ளலூருக்கு ஒட்டுவாலாக்கியதை யாரும் கேட்கவில்லையா? கணவாய்க்குப் பக்கத்தில் இருப்பது பேரூர்தான்.

நொய்யலான்: பேரூரில் எத்தனை ரோமக் காசு கிடைத்தது? சொல்லுங்களேன்.

பேரூரான்: காசை எண்ணுகிறவருக்குக் கோயில் தெரியாது.

கல்வெட்டுப்பித்தன்: சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் பாறையில் ‘இராசகேசரிப் பெருவழி’ என்று வட்டெழுத்து என்ற பழைய எழுத்திலும் தமிழ் எழுத்திலும் வெட்டியிருக்கிறதே, வழி பழையது என்பதற்கு அது போதாதா?

பழங்காசு: அது 9-ஆம் நூற்றாண்டு, ஆதித்த சோழன் காலம். இந்தக் காசுகளில் இருக்கும் ரோமப் பேரரசன் திபேரியஸ் செத்தது கி.பி. 37-ல். நடுவில் எண்ணூறு வருஷம், ஐயா! கல்வெட்டு தெரிந்தால் போதாது, கழித்தலும் தெரிய வேண்டும்.

கல்வெட்டுப்பித்தன்: பழைய தடத்துக்குத்தான் சோழன் பெயர் வைத்தான் என்றேன். போன மாதம் வட்டெழுத்தை அதைவிடப் பழைய பிராமி எழுத்து என்று எழுதியவர் எனக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாராம்.

பழங்காசு: அது தட்டச்சுப் பிழை. நூறு தடவை சொல்லியாயிற்று.

நொய்யலான்: பிழையை விடுங்கள். 522-க்குப் பதில்?

பழங்காசு: சொல்லிவிட்டேன். இங்கே கிடைக்கும், திபேரியஸுக்கு முந்திய பேரரசன் அகஸ்டஸ் காசுகளில் நிறைய ஒரே அச்சு: பின்பக்கம் கேடயத்தோடு அவருடைய இரண்டு பேரன்கள். அதையும் இரட்டை நகரம் என்பீர்களோ?

சும்மாபடிப்பவள்: இரட்டை நகரம் என்றால் என்ன என்று யாராவது முதலில் சொல்லுங்களேன். இரண்டுக்கும் நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கிறது.

நொய்யலான்: அம்மா, அது அப்புறம். முதலில் 522.