பாரன் தீவு எரிமலை: நீண்ட உறக்கமும் 1991க்குப் பிந்தைய வெடிப்புகளும்

கேள்வி:
அந்தமான் கடலில், போர்ட் பிளேயருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 140 கிலோமீட்டர் தொலைவில் ஆளின்றிக் கிடக்கும் பாரன் தீவைப் பற்றிப் படித்து வருகிறேன். 1787 முதல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அங்கு எரிமலை வெடித்ததாகக் கடலோடிகளின் குறிப்புகள் உள்ளன; அதன்பின் 1991 வரை வெடிப்புச் செய்தியே இல்லை. அவ்வளவு காலம் அடங்கியிருந்த மலை மீண்டும் கனன்றது எப்படி? 2005ஆம் ஆண்டு வெடிப்புக்கு 2004 டிசம்பர் நிலநடுக்கமே காரணம் என்பது சரிதானா?

மறுமொழி 1:
ஐயா, அது அணைந்த அடுப்பன்று. இந்தியப் புவித்தட்டு அங்கே பர்மா தட்டின் அடியில் சரிந்து இறங்குகிறது; இறங்கும் பாறையிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள மூடகப் பாறையின் (புவியோட்டுக்கு அடியிலுள்ள பாறை அடுக்கின்) உருகுநிலையைக் குறைப்பதால், கற்குழம்பு உருவாகி மேலெழுகிறது. இந்த ஊட்டம் 200 ஆண்டுகளில் நின்றுவிடக் கூடியதன்று. கடலுக்கு மேல் சுமார் 350 மீட்டரே தெரியும் இந்த மலை, கடலடியிலிருந்து 2,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது என்பதை நினைத்தால், ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அமைதியும் எவ்வளவு சிறியது என்பது விளங்கும்.

தீவின் நடுவே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் அகலமுள்ள பெருவாய் (எரிமலையின் பெரும் பள்ளம்) உள்ளது. அதன் மேற்குச் சுவர் உடைந்து கடலை நோக்கித் திறந்திருப்பதால், நடுவிலுள்ள கூம்பிலிருந்து 1991இல் வழிந்த குழம்பு அவ்வழியே கடலைச் சென்றடைந்தது. அந்தக் குழம்பு உறைந்த பாறை பெரும்பாலும் பசால்ட் எனும் கரிய எரிமலைப் பாறை. ஒரு துண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், கரிய பரப்பில் வாயு வெளியேறிய துளைகளும், பெல்ஸ்பார் எனும் கனிமத்தின் வெண்ணிறப் படிகங்களும், ஆங்காங்கே ஒலிவின் எனும் கனிமத்தின் பசுமையான மணிகளும் தெரியும்.

மறுமொழி 2:
2004 நிலநடுக்கம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்து மாதம் கழித்து, 2005 மே மாத இறுதியில் வெடிப்பு தொடங்கியதால் இரண்டையும் முடிச்சுப் போடுவது இயல்பே. ஆனால் இந்த எரிமலை 1991இலும் 1994-95இலும் ஏற்கெனவே வெடித்திருந்தது. அத்தகைய பெரும் அதிர்வு, வெடிக்கக் காத்திருந்த குழம்பைச் சற்று முன்னதாகத் தூண்டியிருக்கலாம். உறங்கிய மலையை எழுப்பியது அதுவே என்று எழுதுவது மட்டும் தவறு. 2017 ஜனவரியில், கடலடி மாதிரிகளை எடுக்க அருகில் சென்றிருந்த ஆய்வுக் கப்பலில் இருந்தவர்கள், பகலில் சாம்பல் முகிலையும், பொழுது சாய்ந்தபின் வாயிலிருந்து செந்நிறமாகப் பீறிட்டுச் சரிவில் வழிந்த குழம்பையும் கண்டனர். அப்போது அருகில் பெரும் நிலநடுக்கம் எதுவும் நிகழ்ந்திருக்கவில்லை.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. அருகிலுள்ள நார்கொண்டம் தீவும் இதே வகைதானா?

மறுமொழி 1:
அதுவும் இதே எரிமலை வரிசையைச் சேர்ந்ததே. ஆனால் அதன் பாறைகள் ஆண்டிசைட்டும் டேசைட்டும். சிலிக்கா மிகுந்த, எளிதில் ஓடாத தடித்த குழம்பிலிருந்து உறைந்தவை. அங்கு வெடிப்பு நிகழ்ந்ததாக எழுத்துப் பதிவு இல்லை, மலை முழுதும் அடர்காடு மூடியிருக்கிறது.