ஜெர்மனி விண்ணப்பம்: இரண்டாவது முயற்சியில் இடம் கிடைத்தது

மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்த நான், 2023-இல் ஜெர்மனியில் முதுகலைப் படிப்புக்கு ஐந்து பல்கலைக்கழகங்களில் விண்ணப்பித்தேன். ஐந்திலும் இடம் இல்லை. அடுத்த ஆண்டு நான்குக்குப் போட்டதில் இரண்டு கிடைத்தன. இப்போது அங்கே கெம்னிட்ஸ் நகரில் படிக்கிறேன். இடைப்பட்ட ஓராண்டில் என் சிஜிபிஏ 7.8 மாறவில்லை, ஐஇஎல்டிஎஸ் மதிப்பெண்ணும் மாறவில்லை. விண்ணப்பித்த விதம்தான் மாறியது.

முதல் தடவை கோவையில் ஒரு கன்சல்டன்சி வழியாகப் போனேன். ரேங்க் பட்டியலைப் பார்த்து அவர்களே ஐந்தைத் தேர்ந்தெடுத்தார்கள். ஐந்தும் மறுத்த பிறகு, "பணம் கட்டினால் சீட் உறுதி" என்று ஜெர்மனியிலேயே ஒரு தனியார் கல்லூரியைக் காட்டினார்கள். அப்பா கடன் வாங்கக்கூடத் தயாராகிவிட்டார். அங்கே அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணமே கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு என்ற சிறு தொகை மட்டும்தான் என்பதை அவர்கள் வாய்திறந்து சொல்லவில்லை. (பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் மட்டும் 2017 முதல் நம்மைப் போன்றவர்களுக்குச் செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலச் செமஸ்டரிலிருந்து வாங்குகிறது.)

வந்த ஐந்து மறுப்புகளில் ஒன்றில் மட்டும் காரணம் இருந்தது: கணிதத்திலும் திரவ இயக்கவியலிலும் கிரெடிட் (பாடத்தின் அளவைக் காட்டும் புள்ளி) போதவில்லை. இரண்டையும் படித்துத் தேறியவன் நான்! ஆனால் சிலபஸ் இணைக்கவில்லை. வெறும் பாடத்தின் பெயரை வைத்துக்கொண்டு அங்கே இருப்பவர் என்ன முடிவுக்கு வர முடியும்?

அதனால் இரண்டாவது தடவை ரேங்க் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் எந்தத் துறையில் எத்தனை கிரெடிட் கேட்கிறார்கள் என்று எடுத்து, பக்கத்தில் என் பாடங்களை எழுதினேன். அவர்கள் கணக்கில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட். எட்டு செமஸ்டருக்கு 240. எங்கள் பட்டத்துக்கு மொத்தம் 180. அப்படியானால் நம்முடைய 3 கிரெடிட் பாடம் அங்கே 4. இந்த அட்டவணையைப் போட்டதும் எனக்குப் பொருந்தாத படிப்புகள் தாமாகவே உதிர்ந்துவிட்டன. முதல் ஆண்டு போட்டதில் இரண்டுக்கு எனக்குத் தகுதியே இருந்திருக்கவில்லை.

சிலபஸ் முழுவதற்கும் கல்லூரிச் சீல் வேண்டியிருந்தது. "இத்தனை பக்கத்துக்குமா தம்பி?" என்று கேட்ட அலுவலக அண்ணன், ஒரு சனிக்கிழமை மாலை உட்கார்ந்து 140 பக்கத்துக்கும் சீல் வைத்துக் கொடுத்தார். அந்த உதவியை நான் மறக்கவே மாட்டேன்.

பரிந்துரைக் கடிதத்துக்குத் துறைத் தலைவரிடம் (எச்ஓடி) போனால், "நீயே எழுதிக்கொண்டு வாப்பா, கையெழுத்துப் போடுகிறேன்" என்றார். முதல் ஆண்டு அப்படித்தான் செய்தேன். இந்த முறை புராஜெக்ட் கைடு மேடத்தைக் கேட்டேன். எங்கள் வெப்பமாற்றி முதலில் கசிந்தது, அதை நான் மூன்று முறை மறுபடி வெல்டிங் செய்தது, இதையெல்லாம் அவரே எழுதினார். எத்தனை மார்க் எடுத்தாலும் அந்தக் கடிதத்தில் இருந்த 'நான்' மார்க் ஷீட்டில் இல்லை.

தேதி விஷயத்தில் கவனம். நம் கல்விச் சான்றுகள் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் 2022 நவம்பரிலிருந்து விசாவுக்குக் கட்டாயம்; நான் கட்டியது 18,000 ரூபாய். சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தோடே அதைக் கேட்கின்றன, எனவே முதலில் இதைத் தொடங்குங்கள். பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் அமைப்பில் முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதே செமஸ்டரில் அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. கடைசி நாள் ஜூலை 15 என்று போட்டிருந்தாலும், சரிபார்க்கவே நான்கைந்து வாரம் ஆகும். நான் மே மாதமே அனுப்பிவிட்டேன்.

அப்புறம் பணம். விசாவுக்காக ஓராண்டுச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் பிளாக்டு அக்கவுண்டுக்கு 11,208 யூரோ என்று வீட்டில் திட்டமிட்டிருந்தோம். 2024 செப்டம்பர் 1 முதல் அது 11,904 ஆகிவிட்டது. என் விசா நேர்காணல் செப்டம்பரில். மீதி 696 யூரோவை மாமா அனுப்பினார். நீங்கள் கணக்குப் போடும்போது கொஞ்சம் கூடுதலாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

மெக்கானிக்கல் படித்தவர்கள் கேட்டால் என் கிரெடிட் அட்டவணையை அப்படியே தருகிறேன். பாடக் குறியீடுகளை மட்டும் உங்கள் பாடத்திட்டத்துக்கு (ரெகுலேஷன்) ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டும்.