இழுத்தால் கூத்தாகிவிடும் என்பது விதியா?

மதிலழகு
என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆமாம், விதிதான். தொடரோ வீடியோ விளையாட்டோ, ஐந்தாறு வருஷம் தாண்டினால் கோமாளித்தனத்தில்தான் போய் நிற்கும். 2001-ல் வந்த முதல் ‘ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்’ படத்தில் ஓடும் லாரியை மடக்கி டிவிடி பிளேயர் திருடுகிற கும்பல். 2021-ல் ஒன்பதாம் பாகத்தில் ராக்கெட் கட்டிய பழைய போன்டியாக் காரில் இரண்டு பேர் விண்வெளிக்கே போய்விட்டார்கள். ‘செயின்ட்ஸ் ரோ’ 2006-ல் தெரு ரவுடிகளின் விளையாட்டு. 2013-ல் நான்காம் பாகம் வரும்போது அதே ரவுடித் தலைவன் அமெரிக்க ஜனாதிபதி, வேற்றுக்கிரகத்தாரோடு சண்டை. சீரியலுக்கு வருவோம். பாலிமரில் ‘மூன்று முடிச்சு’ என்று டப்பிங்கில் ஓடியதே, அதன் இந்தி மூலம் 2011-ல் அக்கா தங்கை கல்யாணக் கதையாகத் தொடங்கியது. 2016-ல் கதாநாயகியை ஈயாக மாற்றிவிட்டார்கள். சினிமா, கேம், சீரியல் மூன்றும் வேறு வேறு தொழில், போய்ச் சேர்ந்த இடம் மட்டும் ஒன்று.

அரசலாறு
வயசு காரணமில்லைங்க அண்ணே, வாரத்துக்கு எத்தனை நாள் என்பதுதான் காரணம். கணக்குப் போடுங்க. அரை மணி நேர ஸ்லாட்டில் விளம்பரம் போகக் கதைக்கு மிஞ்சுவது சுமார் 22 நிமிஷம். திங்கள் முதல் சனி வரை ஆறு நாள் என்றால் வருஷத்துக்கு 312 எபிசோட், 114 மணி நேரம். இரண்டரை மணி நேரப் படமாக வெட்டினால் 45 படம் வரும். ஒரே வீடு, ஒரே மாமியார், ஒரே பங்காளித் தகராறு. இதை வைத்து வருஷத்துக்கு 45 படம் எடு என்றால் எப்பேர்ப்பட்ட எழுத்தாளரும் மூன்றாம் மாசமே பாம்பைக் கூப்பிடுவார். மேட்டூரில் தண்ணி இருக்கா என்று பார்க்காமல் கடைமடை வரைக்கும் முறை வைத்த கதைதான்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கு. உண்மை வெளியே வந்தால் தொடர் முடிந்துபோகும். அதனால் நடந்ததை நடக்காததாக்க முடிகிற சம்பவத்தை மட்டும்தான் எழுத முடியும். கடத்தினால் மீட்டுவிடலாம். பாயசத்தில் விஷம் வைத்தால் டம்ளர் மாறிவிடும். அப்புறம் கோமா, ஞாபக மறதி, தாலி கட்டுகிற நேரத்தில் நின்ற கல்யாணம். எதற்கும் பின்விளைவு கிடையாது. பின்விளைவு இல்லாத ஆபத்துக்கு ஜனம் ஒரு தடவைதான் பதறும், அடுத்த தடவை அளவைக் கூட்டணும். நிஜமாகவே ஒருவரைச் சாகடித்துவிட்டால் ஆறு மாசத்தில் அதே முகத்தோடு இன்னொருத்தர் வந்து இறங்குவார். வியாழக்கிழமை டிஆர்பி பட்டியல் வருது, சரிந்திருந்தால் கதையை அந்த வாரமே திருப்புவாங்க. இரண்டு சீரியல் குடும்பத்தையும் ஒரே வீட்டில் அடைக்கிற ‘மகா சங்கமம்’ இதுக்குத்தான். ஒரு ஸ்லாட்டின் கூட்டத்தைப் பக்கத்து ஸ்லாட்டுக்குக் கடன் வாங்கித் தருகிற வேலை.

இதுக்கு நேர் எதிர் 90-களில் வந்த ‘மர்மதேசம்’. வாரம் ஒரு நாள், மொத்தம் ஐந்து தனிக்கதை, ஒவ்வொன்றுக்கும் முடிவு உண்டு. கருப்புசாமி குதிரையில் ஏறி வந்தும் யாருக்கும் சிரிப்பு வரலை. சாமியும் பேயும் இருப்பதால் கூத்தாவதில்லை. கதை கையில் இல்லாதபோது கூப்பிடுவதால்தான் கூத்து.

மதிலழகு
நல்ல கணக்கு தம்பி, ஆனால் அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் ‘சிம்ப்சன்ஸ்’ வருஷத்துக்கு 22 எபிசோட் அளவுதான். மொத்தம் எட்டு மணி நேரம். அவர்களுக்கு என்ன பஞ்சம்? 1989-ல் தொடங்கியபோது பக்கத்து வீட்டு ஃபிளாண்டர்ஸ் எல்லாவற்றிலும் குடும்பத் தலைவர் ஹோமரைவிட ஒரு படி மேலான நல்ல மனுஷர், சாமி கும்பிடுவது அவர் குணத்தில் ஒன்று. போகப் போக மற்ற குணமெல்லாம் உதிர்ந்து, வாயைத் திறந்தால் பைபிள் என்று ஆனார். கதாபாத்திரம் இப்படி ஒற்றைக் குணமாகச் சுருங்குவதற்கே அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். முதலில் எழுதியவர்கள் ஆளைப் படைத்தார்கள், பின்னால் வந்தவர்கள் ஆளின் அடையாளத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். நம் சீரியலில் கதை ஒருவர், திரைக்கதை ஒருவர், வசனம் ஒருவர் என்று டைட்டிலிலேயே போடுகிறார்கள். வசனகர்த்தா மாறிய மறுவாரமே வில்லி அண்ணிக்குப் புருவத்தைத் தூக்குவதைத் தவிர வேலை இருக்காது. வாரத்துக்கு ஒரு நாளோ ஆறு நாளோ, கை மாறினால் இது நடக்கும். நீண்டால் கை மாறாமல் இருக்காது.

வெண்ணாற்றங்கரை
கை மாறினால் நடக்கும் என்றால் தஞ்சாவூர்ப் பக்கத்து மெலட்டூரில் ஏன் நடக்கவில்லை? நரசிம்ம ஜெயந்தியை ஒட்டி ஆடும் பாகவத மேளா. வேங்கடராம சாஸ்திரி எழுதிய தெலுங்கு நாடகங்கள், இன்றைக்கும் பிரகலாத சரித்திரம்தான். ஆண்களே பெண் வேஷமும் கட்டுகிறார்கள், தலைமுறை தலைமுறையாகக் கை மாறியிருக்கிறது. இதில் கவனிக்க வேண்டியவர் கோணங்கி. கோமாளி இல்லாத கூத்து இல்லை, ஆனால் அவர் எங்கே நிற்கிறார் பாருங்கள். நாடகம் தொடங்கும்போது முதல் ஆளாக வந்து ஆடிச் சபையை அமைதிப்படுத்துகிறார், பிறகு கணபதி முகமூடி போட்ட சிறுவன் வருகிறான், அதோடு கோணங்கியின் வேலை முடிந்தது. நரசிம்மர் தூணிலிருந்து வரும் நேரத்தில் குறுக்கே வந்து சிரிப்புக் காட்ட அவருக்கு இடமே கிடையாது. சிரிப்பு வேண்டாம் என்று யாரும் தடுக்கவில்லை, அதற்கு ஒரு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

மதிலழகு
அக்கா, அது திரும்ப நடத்துவது. நான் பேசுவது நீட்டுவதைப் பற்றி. திருவையாற்றில் வருஷா வருஷம் அதே ஐந்து பஞ்சரத்தின கிருதிதான் பாடுகிறார்கள், ஆறாவது ஒன்று எழுதிச் சேர்க்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும். பிரகலாதன் கதைக்கு முடிவு தெரியும். சீரியலுக்கு முடிவே கூடாது.

வெண்ணாற்றங்கரை
பிரிப்பு சரி, ஆனால் அதுவும் முழுக்க நிற்காது. ஸ்பெஷல் நாடகத்தை எடுங்கள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் திருவிழாவில் வள்ளி திருமணம் போடுவார்கள். அதுவும் எல்லோருக்கும் முடிவு தெரிந்த கதை, சங்கரதாஸ் சுவாமிகள் பாட்டு. ஆனால் மேடை ஏறினால் முதலில் பபூன், அப்புறம் பபூனும் டான்ஸ்காரியும் சேர்ந்து, அப்புறம்தான் கதை. வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினால் விடியும்வரை இழுக்கும். அங்கே ஏன் பெருகியது, மெலட்டூரில் ஏன் பெருகவில்லை?

காரணம் ஆள் சேர்க்கும் முறையில் இருக்கிறது. ஸ்பெஷல் நாடகத்தில் நிரந்தரக் குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் என்று ஒவ்வொருவரையும் தனித்தனியாக நடிகர் சங்கத்தில் புக் பண்ணுகிறார்கள். ஒத்திகை இல்லை. அன்று இரவு மேடையில்தான் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். ஒத்திகை இல்லாதபோது யாரோடு வேண்டுமானாலும் சேர்ந்து ஆடக்கூடிய துண்டுதான் கைகொடுக்கும்: சிலேடை, வாய்ச்சண்டை, டான்ஸ். அது வளரும், ஒத்திகை கேட்கும் காட்சி தேயும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, அந்தச் சிலேடையைக் கேட்கவே ஊர் கூடுகிறது. மெலட்டூரில் ஒரே ஊர்க்காரர்கள், ஒத்திகை உண்டு, எழுதிய பிரதி உண்டு, டிக்கெட் கிடையாது. நரசிம்மருக்கு நேர் எதிரே ஆடுகிற ஆட்டம்.

டீக்கடை பெஞ்சு
அப்போ சீரியலுக்கும் எதிர்ல ஒரு நரசிம்மரை உட்கார வச்சிருக்கணும்.

அரசலாறு
பெஞ்சு, எதிரில் யார் உட்காருகிறார்கள் என்பது விளையாட்டுப் பேச்சு இல்லை. ‘ஹேப்பி டேஸ்’ என்று அமெரிக்கத் தொடர், 1974-ல் தொடங்கியது. முதலில் சினிமா மாதிரி ஒற்றைக் கேமராவில், பார்வையாளர் இல்லாமல் எடுத்தார்கள். ஃபான்சி என்கிற தோல் ஜாக்கெட் போட்ட மெக்கானிக் அப்போது துணைப் பாத்திரம். மூன்றாம் சீசனில் மூன்று கேமரா, எதிரே நேரடிப் பார்வையாளர் என்று மாற்றினார்கள். ஃபான்சி நுழைந்தாலே கைதட்டல், அது அடங்கும்வரை வசனம் நிற்கணும். கைதட்டல் எங்கே விழுகிறதோ அங்கேதான் அடுத்த வாரக் கதையும் போகும். 1977-ல் அதே ஆளை, அதே தோல் ஜாக்கெட்டோடு தண்ணீர்ச் சறுக்கில் விட்டு ஒரு சுறாமீனைத் தாண்டவிட்டார்கள். ஒரு தொடர் தறிகெட்டுப் போவதற்கு உலகம் முழுக்க இன்றும் அந்தக் காட்சிதான் உதாரணம். ஆனால் தொடர் அதோடு படுக்கவில்லை, 1984 வரை ஓடியது. கூத்து என்று கேலி பண்ணுகிறவர் வேறு, பார்க்கிறவர் வேறு.

குறுவை105
கேமையும் சீரியலையும் ஒரே கட்டா கட்டாதீங்க. சீரியல்ல கதை தீர்ந்துபோகுது, அதனால கூத்து. ஆன்லைன் கேம்ல தீர்ந்துபோறதுக்குக் கதையே கிடையாது. சர்வர் ஓட மாசா மாசம் காசு வேணும், அதான் விஷயம். எதை விக்கலாம்? பெரிய துப்பாக்கிய வித்தா காசில்லாதவன் தோத்துட்டு ஓடிப்போவான். மேப்பை வித்தா வாங்கினவன் ஒரு பக்கம், வாங்காதவன் ஒரு பக்கம்னு கூட்டம் ரெண்டா உடையும், மேட்ச் கிடைக்க நேரமாகும். மிச்சம் இருக்கறது டிரெஸ் ஒண்ணுதான். காசு குடுத்து வாங்கின டிரெஸ் தூரத்துலேர்ந்தே தெரியணும், அதனால ஒவ்வொரு சீசனும் முந்தினத விட மினுக்கும். அந்தக் கோமாளி டிரெஸ்தான் மத்தவங்க ஓசில, சமமா விளையாடறதுக்கு வாடகை கட்டுது.

‘டீம் ஃபோர்ட்ரஸ் 2’ 2007-ல வந்துது. 2009-ல வீரருக்குப் போடற தொப்பி, 2010-ல கேமுக்குள்ளயே கடை, 2011-ல கேமே இலவசம். வரிசையப் பாருங்க. தொப்பி வரலேன்னா அந்த இலவசம் வந்திருக்காது.

உங்க விதிக்கு நேர் எதிரா இன்னொண்ணு, ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’. 1999-ல மோடா, அதாவது வேற ஒரு கேமை மாத்திக் கட்டின கேமா வந்துது. இன்னிக்கும் அதே குண்டு, அதே ரெண்டு கட்சி. கேம் காசுல ஏகே-47 2,700 டாலர், ஏடபிள்யூபி ஸ்னைப்பர் 4,750, கையில 16,000-க்கு மேல சேராது. 2013-லேர்ந்து கலர் கலரா ஸ்கின் விக்கிறாங்க, ஆனா கூத்து பெரும்பாலும் துப்பாக்கி மேல் பூச்சோட நின்னுபோச்சு. ஸ்கின் போட்டதால ரீகாயிலும் (சுடும்போது துப்பாக்கி உதைக்கறது) மாறல, குண்டு பாயற இடமும் மாறல.

மதிலழகு
தொப்பியை எடுத்ததால் சொல்கிறேன் தம்பி. அந்த விளையாட்டை உருவாக்கியவர்கள் ஒன்பது வகை வீரர்களையும் நிழலுருவை வைத்தே கண்டுபிடிக்கும்படி வரைந்தார்கள். பருத்தவன், கூன் போட்டவன், நெட்டையன், தூரத்தில் கருப்பாகத் தெரிந்தாலே யாரென்று தெரியும், அதற்கேற்ப ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்கலாம். அந்த நிழலின் மேல் தொப்பி, இறக்கை, மூட்டை என்று ஏற்றினால் அழகு மட்டுமா கெடுகிறது? ஆட்டத்துக்கு வேண்டிய தகவலே கெடுகிறது. ‘கால் ஆஃப் டூட்டி வார்சோன்’-இல் ரோஸ் என்ற பாத்திரத்துக்கு ஒரு கருப்பு உடை விற்றார்கள். இருட்டு மூலையில் நின்றால் கண்ணுக்கே தெரியாது. காசு கொடுத்தவனுக்கு மறைவிடம் இலவசம், சத்தம் கிளம்பிய பிறகுதான் திருத்தினார்கள். இதுவா சமமான ஆட்டம்?

‘ஜிடிஏ ஆன்லைன்’ இன்னும் மோசம். 2013-ல் திருட்டு, கொள்ளை. 2018-ல் தானாகக் குறிவைத்துத் துரத்தும் ஏவுகணையோடு பறக்கும் பைக். சரக்கு ஏற்றிய மெதுவான வண்டியை ஓட்டிக்கொண்டு வருபவனை எவனோ மேலிருந்து ஒரே பட்டனில் சாம்பலாக்குகிறான். கூத்து ஆட்டத்துக்குள்ளேயே இறங்கிவிட்டது.

குறுவை105
பைக் விஷயம் ஒத்துக்கறேன், அது டிரெஸ் இல்ல, பவர். அதனாலதான் ஜனம் பிசில ரிசோர்ஸ் மானிட்டரத் திறந்து கேமை ஒரு பத்து செகண்டு சஸ்பெண்ட் பண்ணி, மத்தவங்கள்ளாம் லாபிலேர்ந்து (ஒண்ணா சேர்ந்து ஆடற இடம்) கழண்ட பிறகு ரெஸ்யூம் கொடுத்து, காலி லாபில சரக்கு வித்தாங்க. ரொம்ப நேரம் விட்டா கேமே அறுந்துடும், சீக்கிரம் எடுத்தா எல்லாரும் அப்படியே இருப்பாங்க. கடைசில கம்பெனியே 2022-ல ஏவுகணையோட துரத்தற திறனக் குறைச்சு, அழைச்சவங்க மட்டும் வர்ற செஷன்லயும் சரக்கு விக்கலாம்னு விட்டுது. பைக்கை எடுக்கல, அது குறுக்க வராத இடம் ஒண்ண ஒதுக்குனாங்க. அக்கா சொன்ன கோணங்கி கணக்குதான். பப்ஜி மொபைல்ல 2023-ல ‘டிராகன் பால்’ கார்ட்டூனோட காமேஹாமேஹா ஒளிவீச்சு வந்தப்பவும் அது தனி மோட். பிடிக்காதவன் கிளாசிக்ல போய் அதே பழைய எராங்கல் மேப்ல சட்டியத் தூக்கிட்டு ஓடலாம்.

மதிலழகு
தனி மோட் இருக்கிறது, ஆனால் லாபியில் பக்கத்தில் நிற்பவன் தங்க ஃபாரோ உடையில் நிற்கிறானே. கிளாசிக்கிலும் அவன்தான் வந்து இறங்குகிறான்.

டீக்கடை பெஞ்சு
எல்லாரும் அடிச்சுக்கறீங்க, ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ எந்தக் கணக்குல வரும்? 2018-ல ஆரம்பிச்சு 2023 அக்டோபர்ல முடிச்சாங்க. அடுத்த வாரமே அதே பேர்ல ரெண்டாவது. முதல்ல அண்ணனா வந்தவரு இதுல அப்பா. பேரைத் தவிர குடும்பம் மொத்தமும் புதுசு.

அரசலாறு
என் கணக்கில்தான் வரும். ஸ்லாட்டும் பெயரும் கையை விட்டுப் போகக்கூடாது, கதையும் தீர்ந்துவிட்டது. பழைய குடும்பத்தில் இன்னொரு கடத்தல் எழுதுவதைவிடக் குடும்பத்தையே மாற்றுவது நேர்மை. புது ஆட்கள் என்றால் பின்விளைவு உள்ள சம்பவம் எழுத இடம் இருக்கு. அப்பாவுக்குத் தெரியாமல் ஒரு பையன் கல்யாணம் பண்ணிக்கொண்டால் அது ஒரு வருஷத்துக்குத் தாங்கும், பாம்பு தேவைப்படாது.

மதிலழகு
ஒரு வருஷம் தாங்கும். வருஷத்துக்கு 45 படம் என்று கணக்குச் சொன்னது நீதான் தம்பி. இரண்டாம் வருஷத்து 45 படத்துக்கு அந்த வீட்டில் இன்னும் எத்தனை பையன் கல்யாணத்துக்கு மிச்சம் இருக்கிறான் என்று எண்ணிச் சொல்.

வெண்ணாற்றங்கரை
பையன்கள் தீர்ந்தால் அப்பாவின் பழைய காதலி வருவாள். அதற்குப் பிறகு எழுதுகிறவர் பாம்பைத் தேடுகிறாரா, முடிவைத் தேடுகிறாரா என்று பார்க்கலாம்.

டீக்கடை பெஞ்சு
ரெண்டும் இல்லக்கா. பாகம் மூணு.